கதையும் நீதிவரியும்: புலம்பெயர் இல்லங்களில் குழந்தைகளுக்கு வாய்விட்டு வாசித்தல்

1. முன்னுரை

குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்டினால் நற்பண்புகள் வளரும் என்பது இன்று எவரும் மறுக்காத கருத்து. மறுப்பார் இல்லாமையாலேயே அது போதிய அளவு ஆராயப்படாமலும் இருக்கிறது. எந்தக் கதை, எந்த மொழிநடையில், எவர் வாயால், எத்தகைய முடிவோடு வாசிக்கப்படுகிறது என்னும் வினாக்களை எழுப்பியவுடன் அக்கருத்தின் எளிமை மறைந்துவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பிளானோ நகரின் தமிழ் இல்லங்களை நிலைக்களனாகக் கொண்டு அவ்வினாக்களுக்கு விடை தேட இக்கட்டுரை முற்படுகிறது. கதையின் ஈற்றில் 'இக்கதை உணர்த்தும் நீதி' என்று தனியே அச்சிடப்படும் வரியை இங்கு 'நீதிவரி' எனக் குறிக்கிறேன். விழுமியத்தைக் குழந்தையிடம் சேர்ப்பது இந்நீதிவரியே என்ற நம்பிக்கை நம் பாடநூல்களில் வேரூன்றியுள்ளது. அந்நம்பிக்கை தமிழ்க்கதை மரபுக்கும் ஒவ்வாதது, புலம்பெயர்ந்த குழந்தையின் தமிழுக்கும் ஊறு செய்வது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. நிலைக்களன்

1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிளானோவின் மக்கள்தொகை 3,695. 2020இல் அது 2,85,494. டாலஸுக்கு வடக்கே பருத்தி விளைந்த வயல்கள் இரண்டு தலைமுறைக்குள் அலுவலக வளாகங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறின. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கணினித் துறையை ஒட்டிக் குடியேறியவை. பெற்றோர் தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ பிறந்து தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ கற்றவர்கள். பிள்ளைகள் இம்மண்ணில் பிறந்தவர்கள். தாயின் தமிழ் வினாவுக்கு ஆங்கிலத்தில் விடை கூறும் இயல்பினர்.

இப்பிள்ளைகள் கதை கேட்கும் களங்கள் இரண்டு. ஒன்று நகரப் பொது நூலகம். பிளானோவின் ஐந்து நூலகக் கிளைகளில் மழலையர்க்கான கதை நேரம் வழக்கமாக நடைபெறுகிறது. நூலகர் படநூலை விரித்துப் பிடித்து, குரலை ஏற்றியும் இறக்கியும் வாசித்து, இடையிடையே 'இனி என்ன நடக்கும்?' என்று வினவுவார். மற்றொன்று வார இறுதித் தமிழ்ப்பள்ளி. அங்குக் கதை பாடமாக வருகிறது. அருஞ்சொற்பொருளும் வினாவிடையும் நீதிவரியும் உடன் வருகின்றன. இவற்றோடு, டாலஸ் வட்டாரத்தில் சாஸ்தா தமிழ் அறக்கட்டளை நடத்திவரும் திருக்குறள் போட்டியும் இப்பகுதிப் பிள்ளைகளின் தமிழ்க்கல்வியில் குறிப்பிடத்தக்க இடம் வகிக்கிறது. இம்முயற்சிகளுக்குப் பின்னுள்ள உழைப்பு பெரிது. குறளை மனத்தில் பதித்த பிள்ளை வாழ்நாள் முழுமைக்கும் ஒரு செல்வத்தைப் பெறுகிறது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் ஒரு பங்கீடு நம்மை அறியாமலே நிகழ்ந்துவிடுகிறது. கற்பனையும் எதிர்பார்ப்பும் சிரிப்பும் ஆங்கிலத்துக்கு உரியவையாகின்றன. அறவுரையும் ஒப்புவித்தலும் தமிழுக்கு உரியவையாகின்றன. வீட்டில் 'சாப்பிடு', 'படி', 'நேரமாச்சு' என்னும் ஏவல் வினைகளில் வாழும் தமிழ், பள்ளியில் அறவுரையாக மட்டும் வளர்ந்தால், குழந்தையின் உள்ளத்தில் அது கட்டளைகளின் மொழியாகவே தங்கிவிடும்.

ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில், மொழியிழப்பைத் தடுக்கும் முயற்சிகளுள் இல்லத்தில் தலைமுறையிடையே மொழி கைமாறுவதையே அச்சாணியாகக் கொண்டார். பள்ளியும் ஊடகமும் அதற்குத் துணை நிற்கலாம். அதன் இடத்தை நிரப்ப இயலாது என்பது அவர் வாதம். ஆதலின் உறங்கும் முன் வாசிக்கப்படும் கதை மொழிநிலைப்பாட்டின் அடிப்படையைத் தொடுவது.

3. செவிலிக்கு உரிய உரை

தமிழ் இலக்கண மரபு குழந்தைக் கதைக்கு ஓர் இடம் வகுத்திருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைநடையை நான்கு வகையாகக் கூறுகிறது. பொருள்மரபு இல்லாத பொய்ம்மொழியும் பொருளொடு கூடிய நகைமொழியும் அவற்றுள் அடங்கும். பின்னர் அவ்வுரையை இருவகையாகப் பகுத்து, ஒரு வகை செவிலிக்கு உரியது என்றும், மற்றது எவர்க்கும் விலக்கப்படாதது என்றும் வரையறுக்கிறது. பேராசிரியர் பொய்ம்மொழிக்குக் காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது: யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஏதோ செய்தன என்பது போன்ற, ஒருவரிடம் ஒருவர் கேட்டு வழிவழியாக வரும் தொடர்கதை.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. கதை பொய் என்பது ஒளிவின்றி ஏற்கப்படுகிறது. அது வழிவழியாகக் கேட்டுக் கற்கப்படுவது என்று உணரப்படுகிறது. உரையின் ஒரு வகை வளர்ப்புத்தாயின் வாய்க்கு உரியதாக வைக்கப்படுகிறது. கதையின் இறுதியில் அறம் ஒன்று எடுத்துரைக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையை இலக்கணம் இங்கு விதிக்கவில்லை. அறம் கூறுவதற்குத் தனி நூல்கள் இருந்தன. நாலடியும் குறளும் ஔவையின் ஆத்திசூடியும் அப்பணியைச் செய்தன. கதை வேறொரு பணியைச் செய்தது.

கதை ஒலியாகவே வாழ்ந்தது என்பதற்கு அச்சு வந்த பின்னரும் சான்று உண்டு. விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியோடு அச்சாயின. ஒருவர் வாசிக்கப் பலர் கூடிக் கேட்கும் வழக்கத்துக்கு அப்பெரிய எழுத்து இசைந்தது. வாய்விட்டு வாசித்தலிலிருந்து மௌன வாசிப்புக்குத் தமிழர் நகர்ந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வகையில் நோக்கின், பிளானோவில் படுக்கையோரம் அமர்ந்து வாசிக்கும் தந்தை மேலைநாட்டுப் பழக்கம் ஒன்றை மட்டும் பின்பற்றவில்லை. நாம் கைவிட்ட ஒரு வழக்கத்துக்குத் திரும்புகிறார்.

4. நீதிவரியும் பஞ்சதந்திரமும்

நம் இல்லங்களில் மிகுதியாக வாசிக்கப்படுவது பஞ்சதந்திரம். சென்னைக் கல்விச் சங்கத்தைச் சார்ந்த தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் அதற்குத் தனியிடம் உண்டு. ஆங்கில அலுவலர்கள் தமிழ் கற்பதற்காக 1812இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கப்பட்ட கல்லூரியின் சூழலில் அது உருவானது. நாம் குழந்தை இலக்கியமாகக் கருதும் நூல், வயதுவந்த அயலார் மொழிகற்கும் பாடமாகத் தமிழ் உரைநடைக்குள் வந்தது என்பது நினைவில் இருத்தத்தக்கது.

பஞ்சதந்திரத்தில் அறமொழிகளுக்குப் பஞ்சமில்லை. ஆயின் அவற்றைக் கூறுபவர் யார்? முதல் தந்திரத்தில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையிலான நட்பைக் கெடுக்க முனையும் நரி அடுக்கடுக்காகக் கதை கூறுகிறது. ஒவ்வொரு கதையோடும் ஒரு நீதியும் கூறுகிறது. அந்நீதிகள் தனித்தனியே பொருத்தமானவை. கூறும் வாய் வஞ்சகமானது. நூல் தன் கேட்போரிடம் எதிர்பார்ப்பது நீதியை மனனம் செய்வதை அன்று. இந்நீதியை இவன் இப்போது எதற்காக எடுத்துரைக்கிறான் என்று கண்டுகொள்வதை. அரசகுமாரர் மூவர்க்கு விஷ்ணுசர்மன் கற்பித்தது இத்திறனையே. நம் பாடநூல்கள் சட்டகக் கதையை நீக்கி, நரியை நீக்கி, உட்கதையை மட்டும் எடுத்து, அதன் ஈற்றில் ஒரு நீதிவரியைச் சேர்க்கின்றன. ஈசாப் கதைகளின் அச்சு வடிவில் நிலைபெற்ற இவ்வமைப்பு காலனியக் காலப் பாடநூல்களின் வழியே நம்மிடம் வேரூன்றியது. விளைவாக, சூழ்ச்சியை அடையாளம் காணக் கற்பிக்கும் நூல் 'சொல்வதைக் கேள்' என்று கற்பிக்கும் நூலாகச் சுருங்குகிறது.

இதற்கு நேர்மாறான அமைப்பு வேதாளக் கதைகளில் உண்டு. வேதாளம் கதையை முடிப்பது ஒரு வினாவில். விடை தெரிந்தும் வாய் திறவாவிடின் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் மரமேறிவிடும். கதையைக் கேட்டவன் தீர்ப்புக் கூறியே ஆக வேண்டும். அத்தீர்ப்புக்கு ஒரு விலையும் உண்டு. இறுதிக் கதையின் வினாவுக்கு அரசனுக்கே விடை தெரியவில்லை. அவனது மௌனமே அத்தொடரை முடித்து வைக்கிறது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா இக்கதை வடிவைப் பல தலைமுறைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தது. அவ்விதழைப் படித்து வளர்ந்தோர் பலரும் இன்று அயலகங்களில் பெற்றோராகவும் பாட்டன் பாட்டியராகவும் இருக்கின்றனர். தாம் வினாவோடு கேட்ட கதைகளைத் தம் பேரர்களுக்கு நீதிவரியோடு வழங்குவது ஏன் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

5. ஆய்வுகள் உணர்த்துவன

ஷெர்லி பிரைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட இனவரைவியல் நூல் நம் பொருளுக்கு நெருங்கியது. கரோலினாப் பகுதியின் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பெற்றோர் குழந்தைக்கு நாள்தோறும் வாசித்தனர். கதை உண்மையாக இருக்க வேண்டும், அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தனர். அக்குழந்தைகள் தொடக்க வகுப்புகளில் நன்றாகவே கற்றனர். பின்னர், கதையைத் தம் வாழ்வோடு இணைத்துச் சொந்தக் கருத்துக் கூறவேண்டிய வகுப்புகளில் பின்தங்கினர். வாசிப்பு நிகழ்ந்தது, கதையைத் தாண்டிய உரையாடல் நிகழவில்லை. நம் வார இறுதி வகுப்பறைகள் தம் முகத்தைப் பார்த்துக்கொள்ளத்தக்க கண்ணாடி இது.

நேர்மை பற்றிய கதைகளைக் குறித்துக் காங் லீயும் பிறரும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் கருதத்தக்கது. மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் அது நிகழ்த்தப்பட்டது. பொய்யால் மூக்கு நீளும் பினோக்கியோவின் கதையும் 'ஓநாய்' என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையும் குழந்தைகளிடம் உண்மை பேசுதலைக் கூட்டவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டனின் கதை கூட்டியது. தண்டனையைக் காட்டிய கதைகள் பயன்தரவில்லை. உண்மை கூறியவன் ஏற்கப்பட்டதைக் காட்டிய கதை பயன்தந்தது. வாஷிங்டன் கதையின் முடிவையே தண்டனையாக மாற்றியபோது அப்பயனும் மறைந்தது. ஆகவே கதையின் உள்ளே நிகழ்வது எது என்பதே குழந்தையைத் தொடுகிறது.

விலங்குக் கதைகள் பற்றி நிக்கோல் லார்சன், லீ, பாட்ரிசியா கேனியா ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு நமக்கு இன்னும் சங்கடமானது. பகிர்தல் பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், மனிதரைப்போல் உடுத்த விலங்குகளோடும் வாசித்துக் காட்டியபோது, மனிதப் பாத்திரக் கதையைக் கேட்ட குழந்தைகளே பின்னர் மிகுதியாகப் பகிர்ந்தனர். ஒன்றிரண்டு ஆய்வுகளைக் கொண்டு நெடிய மரபொன்றைத் தள்ளிவிட இயலாது. யானையும் குருவியும் வரும் கதையைத் தொல்லாசிரியர் 'பொய்ம்மொழி' என்று வகுத்ததை இங்கு மீண்டும் நினைக்கலாம். விலங்குக் கதை முதற்கண் மகிழ்வுக்குரியது; அதன் மீது அறச்சுமை முழுவதையும் ஏற்றியது நம் செயல்.

6. இரட்டை வழக்கும் வாசிக்கும் குரலும்

ஆங்கிலப் படநூலை வாசிக்கும் தாய் அச்சிலுள்ளதை ஏறத்தாழ அவ்வாறே ஒலிக்கலாம். தமிழ்ப் படநூலை வாசிக்கும் தாய்க்கு அவ்வசதி இல்லை. 'சிங்கம் குகையினுள் சென்று உறங்கியது' என்பது அச்சில் இருக்கும். தமிழைப் பேச்சாக மட்டும் அறிந்த நான்கு வயதுக் குழந்தைக்கு இத்தொடரில் 'சிங்கம்' தவிர வேறு எதுவும் வீட்டில் கேட்ட சொல்லாக இராது. ஆகவே தாய், 'சிங்கம் குகைக்குள்ள போயித் தூங்கிருச்சு' என்று கண்ணால் ஒன்றைக் கண்டு வாயால் வேறொன்றைக் கூறுகிறாள். யாழ்ப்பாணத்துத் தந்தையாயின் 'நித்திரை கொண்டிட்டுது' என்பார். தமிழில் வாய்விட்டு வாசித்தல் என்பது கணந்தோறும் நிகழும் மொழிமாற்றம்.

இம்மாற்றத்தைப் பலர் குறையாகக் கருதி நாணுகின்றனர். 'சரியான தமிழ்' கேட்கட்டும் என்று அச்சிலுள்ளதையே ஒலிக்கின்றனர். குழந்தை சிறிது நேரத்தில் ஆங்கில நூலை எடுத்து நீட்டுகிறது. என் கணிப்பில் இது விருப்பக் குறைவால் நேர்வதன்று. செவிக்கு எட்டாத நடையால் நேர்வது. எழுத்துத் தமிழ் பின்னர்க் கற்கத்தக்கது, கற்க வேண்டியது. அதற்கு ஏணியாக அமைவது பேச்சுத் தமிழில் கேட்ட கதையே. கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் வாய்மொழிக் கதைகளை அவர்தம் வழக்கிலேயே எழுதியபோதும், 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டபோதும் உணர்த்தியது இதையே: கதைக்குத் தன் மண்ணின் குரல் உண்டு. பிளானோ நிற்கும் நிலமும் பருத்தி விளைந்த கருமண் நிலமே என்பது தற்செயல். ஆயின் கோவில்பட்டிக் கரிசலின் கதைகள் டெக்சாஸ் கருமண்ணில் ஒலிக்க வேண்டுமாயின், அவை பாட்டியின் பேச்சாகவே ஒலிக்க வேண்டும் என்பது தற்செயலன்று.

7. கேட்பாரற்ற முதுமை

இதுவரை குழந்தையின் பக்கம் நின்று நோக்கினோம். வாசிப்பவரின் பக்கமும் ஒன்று உண்டு. ஏ. கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தமிழ்க்கதை ஒன்று இடம்பெறுகிறது. இரு மகன்களோடும் இரு மருமகள்களோடும் வாழும் கைம்பெண்ணான மூதாட்டி, அந்நால்வரின் கொடுமையையும் எடுத்துரைக்க ஆளின்றித் தனக்குள்ளே அடக்கிப் பருத்துக்கொண்டே போகிறாள். பருமனைக் கண்டும் வீட்டார் எள்ளுகின்றனர். ஒருநாள் ஊர்ப்புறத்தில் கூரையற்ற பாழ்வீடு ஒன்றில் நுழைந்து, ஒருவர் செய்த கொடுமையை ஒரு சுவரிடம் என நான்கு சுவர்களிடமும் கூறுகிறாள். ஒவ்வொரு சுவரும் துயரின் பளு தாளாமல் இடிந்து விழுகிறது. அவள் உடலும் உள்ளமும் இலேசாகி வீடு திரும்புகிறாள்.

இக்கதைக்கு நீதிவரி எழுத முயல்வோர் தடுமாறுவர். 'முதியோரை மதிப்போம்' என்று எழுதினால் கதை சிறுத்துவிடும். மகன்கள் திருந்தவில்லை, எவரும் தண்டிக்கப்படவில்லை, சுவர்தான் கேட்டது. தமிழ் வாய்மொழிக் கதைகளை 2001இல் 'அறப்புனைவுகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அக்கதைகளின் மையம் விந்தையைக் காட்டிலும் அறமே என்று வாதிட்டார். குடும்பத்துக்குள் நிகழும் கொடுமையும் அதற்கான எதிர்விளைவும் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார். சுவர்க் கதையில் அறம் நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. கேட்பவர் அதை உணர்கிறார், எவரும் எடுத்துக் கூறுவதில்லை.

பிளானோவின் தமிழ் இல்லங்களுக்கு ஆண்டுதோறும் தாத்தாக்களும் பாட்டிகளும் வருகின்றனர். பெரும்பாலும் ஆறு மாத அனுமதி. பகலில் மகனும் மருமகளும் அலுவலகத்தில், பேரக்குழந்தை பள்ளியில். வாகனமின்றி வெளியே செல்ல இயலாத தெரு. மாலையில் திரும்பும் குழந்தைக்கும் பாட்டிக்கும் இடையே பொதுமொழி ஏறத்தாழ இல்லை. இவ்வில்லங்களில் எவரும் கொடியவர் அல்லர். ஆயினும் சுவர்கள் நான்கும் இருக்கின்றன. நாள்தோறும் கால் மணி நேரம் பாட்டி கதை கூற, குழந்தை புரிந்தும் புரியாமலும் கேட்குமாயின், 'முதியோரை மதி' என்னும் விழுமியம் அங்கே கற்பிக்கப்படாமலேயே நிகழ்ந்துவிடுகிறது. எளிய விழுமியங்கள் பலவும் இத்தகையனவே. பொறுத்துக் கேட்டல், முறைவைத்துப் பேசுதல், பிறர் துயரை ஒரு கணம் தன் துயராக உணர்தல் ஆகியவை கதையின் பொருளாக வருவதற்கு முன்பே, கதை கேட்கும் செயலில் அடங்கியுள்ளன.

8. குறளும் குரங்கும்

கதையா, குறளா என்று எதிர்நிறுத்துவது என் நோக்கமன்று. பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில், தன் இதயத்தை விரும்பிய முதலையிடம் 'இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்' என்று கூறிக் குரங்கு தப்புகிறது. 'கெட்ட நண்பனை நம்பாதே' என்பது இதற்கு வழக்கமாக எழுதப்படும் நீதிவரி. அவ்வரியை நீக்கிவிட்டு வாசித்தால் குழந்தை இயல்பாகக் கேட்கக்கூடிய வினா வேறு: 'குரங்கு பொய்தானே சொன்னது?' இவ்வினா எழுந்த நொடியில்தான் வாய்மை அதிகாரத்துக்கு வேலை வருகிறது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணப்படும் என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தின் இரண்டாம் குறளில் கூறுகிறார். அக்குறளைப் போட்டிக்காக மனனம் செய்த பிள்ளைக்கு அது இதுவரை விடையாக மட்டும் இருந்தது. வினா இல்லாத விடை. குரங்கு அதற்குரிய வினாவைக் கொண்டுவந்து தருகிறது. தன்னுயிர் காக்கக் கூறிய பொய் 'குற்றமற்ற நன்மை'யில் அடங்குமா, அந்நன்மை பிறர்க்கு மட்டுமே உரியதா என்று பிள்ளையும் தாயும் வாதிடலாம். முடிவு எட்டப்படாமலே விளக்கு அணைக்கப்படலாம். அறக்கல்வி நிகழ்ந்துவிட்டது, அதுவும் தமிழில்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு உரியனவாக நான்கு முன்மொழிவுகள் எழுகின்றன. முதலாவது, வார இறுதிப் பள்ளிகளின் கதைப் பாடங்களில் நீதிவரியை நீக்கி, அவ்விடத்தில் ஒரே விடை அமையாத வினா ஒன்றை வைத்தல். இரண்டாவது, மழலையர்க்கான நூல்களில் உரையாடல் பகுதிகளையேனும் பேச்சுவழக்கில் அச்சிடுதல். வாசிக்கும் பெற்றோர் தம் ஊர் வழக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற குறிப்பையும் தருதல். மூன்றாவது, குறள் மனனத்தோடு ஒவ்வோர் அதிகாரத்துக்கும் இணையான, சில இடங்களில் முரணான, கதை ஒன்றைக் கேட்கச் செய்தல். நான்காவது, வருகைதரும் முதியோரை விருந்தினராக அமர்த்தாமல் கதைசொல்லிகளாக வகுப்பறைக்கு அழைத்தல். பெருஞ்செலவு வேண்டுவன இவற்றுள் எவையும் இல்லை.

அடுத்த தலைமுறைக்குத் தமிழ் எழுதத் தெரியுமா என்ற கவலை நம் மாநாடுகளில் அடிக்கடி ஒலிக்கிறது. அதற்கு முற்பட்ட கவலை ஒன்று உண்டு. அத்தலைமுறை தமிழில் ஒரு கதையின் பாதியில் நின்று 'அப்புறம்?' என்று கேட்டிருக்கிறதா? அச்சொல்லை இயல்பாகக் கேட்ட குழந்தை எழுத்தையும் ஒருநாள் தேடி வரும் என நம்ப இடமுண்டு. அதைக் கேட்காத குழந்தை நூறு நீதிவரிகளைப் பிழையின்றி எழுதினும், தமிழில் அதற்கு எதிர்பார்க்க எதுவும் இராது.